எழுந்து நிற்க வேண்டிய சொல்

சுகாதாரப் பொருளாதார வகுப்பில் "பாவம்" என்று சொன்னவர் பாடம் முடியும்வரை எழுந்து நிற்க வேண்டும். பேராசிரியர் திருவேங்கடம் போட்ட சட்டம் அது. "ஏழை நாட்டில் இரக்கம் ஓர் ஆடம்பரம்" என்ற தன் பொன்மொழியையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

இறுதித் தேர்வில் ஜெசிந்தாவின் திரைக்கு நிஜ நோயாளி ஒருவரின் கோப்பு வந்தது. பெயர் இருக்காது. அரசுச் செலவில் சிகிச்சை உண்டா இல்லையா என்பதற்கு அவள் அழுத்தும் பொத்தான்தான் தீர்ப்பு. வயதையும் செலவையும் வைத்துக் கணக்கிடும் சூத்திரத்தை மீறினால் பட்டம் கிடையாது.

வயது அறுபத்தொன்று. இதய வால்வு மாற்ற வேண்டும். சூத்திரம் "மறுப்பு" என்றது. கீழே மருத்துவர் எழுதியிருந்தார்: "இனி நின்றுகொண்டு பாடம் நடத்தக் கூடாது."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். பேராசிரியர் இன்றுதான் முதன்முறையாக உட்கார்ந்திருந்தார். அவர் மேஜைத் திரையிலும் அதே கோப்பு.

"எதுக்கும் இன்னொரு தடவை பாரும்மா."

"ரெண்டாவது தடவை பார்க்கிறதே வீண் செலவுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன்தான்... ஆனா அந்தாளு பாவம்மா."

வகுப்பே திரும்பியது. "சார், எந்திரிங்க!" என்றது கடைசி பெஞ்சு. அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்; மூச்சு இரைத்தது.

ஜெசிந்தா "அனுமதி"யை அழுத்தினாள்.

"நீங்க உக்காருங்க சார்," என்று சொல்லிவிட்டு, தான் எழுந்து நின்றாள்.