தணிகாசலத்தைக் கூப்பிட்ட அதிகாரி

கண்ணுகளா, இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷங்களில், கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர் தேர்தலைப் புறக்கணித்தது. ஓட்டுப்போட வருகிறவர் பேரை உரக்கப் படிப்பது பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் வேலை. ஒருத்தரும் வராததால், அந்தப் பெரிய மனுஷர் கேலியாகவே படிக்கத் தொடங்கினார்.

“சின்னதுரை மகன் தணிகாசலம்! தொரை வூட்ல தூங்கிக்கினு இருக்காரா?”

“இருக்கேங்க” என்று வாசலில் குரல் கேட்டது. வாசலில் யாரும் இல்லை. தணிகாசலம் மறியலில் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

குழாயடியிலிருந்த அவன் தாய் பூங்காவனம் ஓடிவந்தாள்.

“சார், இன்னொரு தபா கூப்புடுங்க.”

“போம்மா, இது இன்னா குறி சொல்ற எடமா?”

“நான் தெனம் கூப்புடுறேன் சார், பதிலே சொல்ல மாட்றான். கெவர்மெண்டு கூப்ட்டா மட்டும் ‘இருக்கேங்க’ன்றான்.”

அதிகாரி பட்டியலைப் பட்டென்று மூடினார். ‘எவரும் வரவில்லை, அமைதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பள்ளிக்கூடத்தைப் பூட்டச் சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதுவரை புருஷன் பேரை வாயால் சொல்லாத பூங்காவனம், பூட்டிய கதவின் முன் நின்று, அதிகாரியின் அதட்டல் குரலிலேயே கத்தினாள்.

“சின்னதுரை மகன் தணிகாசலம்!”

உள்ளே, யாரோ பெஞ்சை விட்டு எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.