நேரே மேனேஜர் ரூம்

"நாலு தடவை வேலையை விடறேன்னு போய், நாலு தடவையும் கூட இருக்கறவங்களோட டீ குடிச்சு அரட்டை அடிச்சிட்டு வந்திருக்கீங்க. சொந்தமா சைக்கிள் கடை வைக்கற ஆசை இருக்கா, இல்லையா?" என்று மனைவி வெடித்தாள். "இன்னிக்கு யார் மூஞ்சியையும் பார்க்காதீங்க. நேரே மேனேஜர் ரூம். சொல்லுங்க, திரும்பி வாங்க."

குமாஸ்தா குனிந்த தலை நிமிராமல் லிஃப்டில் ஏறினார். அது நின்றதும் இறங்கினார். ரூமுக்குள் போய், மேஜையைப் பார்த்தே சொன்னார்: "சார், நான் வேலையை விடறேன்."

"ஐயையோ, நீங்களுமா? ஏற்கெனவே ஆள் இல்லாம முழி பிதுங்குது. உங்களை மாதிரி ஆளும் போயிட்டா நான் என்ன செய்வேன்?"

குழைகிற மேனேஜரை நம்பவே கூடாது. குமாஸ்தா நம்பிக் கரைந்துபோனார்.

"சம்பளம் கூட்டித் தர்றேன். போகலைன்னு கையில அடிச்சுச் சொல்லுங்க!"

"போகலை சார்" என்று அடித்துச் சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தார். எதிரே முன்பின் பார்த்திராத வழுக்கைத் தலை. சுவரில் வேறு ஏதோ கம்பெனியின் போர்டு. அவருடைய ஆபீஸ் இதற்கு மேல்மாடி.

வீட்டில் மனைவி ஆவலாகக் கேட்டாள்: "விட்டாச்சா?"

"வாக்குக் கொடுத்துட்டேன்டி. நாளையிலேர்ந்து ரெண்டு ஆபீஸ்."