சிவப்பு மட்டை

மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் வெட்டியிருக்கிறார்கள். திங்கள் காலை, அங்கே விஞ்ஞானியாக இருந்த அவர் வந்தபோது ஆராய்ச்சிப் பண்ணையின் தென்கோடி வெட்டவெளியாக இருந்தது.

நாற்பது பனை.

உத்தரவு வந்தது அவருக்குத் தெரியும். கருத்தரங்கக் கூடம் கட்ட அந்த இடம்தான் வேண்டுமாம். கலெக்டர் அனுமதியும் வாங்கிவிட்டார்கள். ஒரு வருடம் பொறுங்கள், பாளை வந்துவிடும் என்று மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தார். மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் கட்டட நிதி திரும்பிப் போய்விடும் என்று பதில் வந்தது.

பரம்பரையைப் படிக்கத் தோதான செடி பயறு. அறுபத்தைந்து நாளில் பூத்துக் காய்த்து ஓய்ந்துவிடும். வருடத்துக்கு நான்கு தலைமுறை பார்க்கலாம். மொட்டு விரியுமுன் தனக்குள்ளேயே சூல் கொள்ளும். அந்நிய மகரந்தம் எளிதில் புகாது. நாம் இடுக்கியால் திறந்து கலந்தால்தான் கலக்கும். கைப்பிடி நிலத்தில் நூறு செடி, செடிக்குச் செடி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

வேளாண் கல்லூரியில் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அவருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவர் பனையை எடுத்தார்.

அவருடைய அப்பா பதினெட்டுக் கன்று வளர்த்தார். பனை பூக்கும்வரை ஆணா பெண்ணா தெரியாது. பதினாலு வருடம் கழித்துப் பூத்தபோது பதினைந்து ஆண், காய்க்காதவை. அப்பா வீட்டுக்குள் போனார்.

மட்டையின் அடியில் சிவப்பு ஓடும் கன்று பெண்ணாக வரும் என்று அவருக்கு ஒரு சந்தேகம். இருபத்தெட்டு வயதில் நட்டார். நாற்பத்து மூன்றில் பூத்தன. சந்தேகம் ஏறக்குறைய சரி. அவற்றைக் கலந்து மறுபடி நட்டார்.

முதல் தலைமுறை நான்குவழிச் சாலைக்குப் போனது.

இரண்டாவது இதோ கிடக்கிறது.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது.

"தவசிமுத்து, அரிவாள எடுத்துட்டு வாங்க" என்றார்.

தவசிமுத்து பண்ணை வேலையாள். இந்தக் கன்றுகளுக்குக் கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவர். ஒவ்வொரு மரத்தின் கொண்டையையும் பிளந்து கொடுத்தார். வெளியே வராத பாளைகள் உள்ளே விரல் கனத்தில் ஒடுங்கியிருந்தன. விரித்துப் பார்த்து, அவர் நோட்டில் குறித்துக்கொண்டே போனார்.

மதியம் ஆயிற்று.

பச்சை மட்டை மரங்களில் ஆணும் பெண்ணும் கலந்திருந்தன.

சிவப்பு மட்டை பத்தொன்பது. பத்தொன்பதும் பெண்.

நோட்டை மூடினார். திறந்து மறுபடி எண்ணினார்.

இயக்குநர் சந்திரபோஸ் காரில் வந்து இறங்கினார். அவரைவிடப் பத்து வயது இளையவர். பயறு ஆராய்ச்சியில் மேலே வந்தவர். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாக, அக்கறையாகவே பார்த்தார்.

"அருமை சார். இன்னும் ஒரு தலைமுறை பாத்துட்டா பேப்பர் போட்டுரலாம்."

கேலி இல்லை. மனதாரத்தான் சொன்னார்.

இன்னும் ஒரு தலைமுறைக்குப் பதினாலு வருடம். அவருக்குப் பாக்கி இருந்த சர்வீஸ் பதினொரு மாதம். விதை ஒன்றுகூட இல்லை.

கார் போனது.

பிளந்த கொண்டையிலிருந்து வெள்ளை வெளேரென்ற குருத்தை நறுக்கி, தவசிமுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"தின்னு பாருங்கய்யா. மரம் சாஞ்சாத்தான இது கெடைக்கும்."

அவர் வாங்கி வாயில் போட்டார். மென்றார்.

தேங்காய் வழுக்கை போல இளசு. இனித்தது.

தவசிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அவர் இன்னொரு துண்டு கேட்டார்.