படிக்காத வரி

கூரையின் கண்ணாடி ஓடு வழியே விழும் வெயில் ஸ்வர்ணலதாவின் விரல்களில் நிற்கிறது. தறியில் பழைய பாவின் ஒவ்வொரு நீள இழையின் முனையோடும் புதுப் பாவின் இழை முனையைச் சேர்த்து, வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்டு முறுக்குகிறாள். ஒரு முறுக்குக்கு ஓர் இத்தாலிய வாக்கியம். "இல் ஃபீலோ எ ரோஸ்ஸோ. இழை சிவப்பு." அடுத்த முறுக்கு. "இல் ஃபீலோ எ லுங்கோ. இழை நீளம்." பக்கத்து வீட்டு விசைத்தறியின் தடதடப்புக்கு மேலே ஏறுகிறது அவள் குரல். வரும் திங்கட்கிழமை முதல் இத்தாலியில் நாலு நாள் கண்காட்சி. நாலு நாளும் அவள்தான் நெய்து காட்டி, அவர்கள் மொழியிலேயே விளக்கவும் வேண்டும். கணவன் பழனி அந்த வாக்கியங்கள் எழுதிய நோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். "இழை அறுந்துபோச்சுன்னும் இங்க எழுதிக்கீது. அத மட்டும் நீ சொல்லலியே?" அவள் நிமிரவில்லை. "அத நான் படிக்கலைங்க." "அங்க அறுந்துச்சுன்னா முழிச்சிகினு நிப்பியா?" இப்போதுதான் முறுக்கிய இழையை விரலால் தூக்கிக் காட்டுகிறாள். "இழுத்துப் பாருங்க." பழனி இழுக்கிறான். இன்னும் கொஞ்சம் பலமாக இழுக்கிறான்; அறவில்லை. பிறகு இழையை விட்டுவிட்டு, பென்சிலை எடுத்து நோட்டில் அந்த 'அறுந்துபோச்சு' வரியை அடித்துவிடுகிறான்.