வடக்குச் சுவர்

"இந்த ஆளை எங்கேயிருந்து பிடிச்சே?"

பேராசிரியர் பிரேபன் பேனாவின் பின்புறத்தால் வரைபடத்தில் தட்டினார். பின்வரிசை மாணவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். பிரேபன் வாயைத் திறந்தால் சிரிக்க வேண்டும் என்பது அந்தக் கட்டடக்கலைக் கல்லூரியில் யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம்.

கோபன்ஹேகனில் எந்த மாணவர் ஒரு சதுக்கத்தை வரைந்தாலும் அதில் நாலு ஆட்களை வெட்டி ஒட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் சதுக்கம் செத்துக் கிடக்கும். எல்லோரும் இணையத்தில் சும்மா கிடைக்கிற அதே ஆட்களைத்தான் எடுப்பார்கள். பலூன் பிடித்த சிறுமி, சைக்கிள் ஓட்டும் தாடிக்காரன், தள்ளுவண்டியில் குழந்தையோடு போகும் தகப்பன். எத்தனையோ வருடமாக அந்தச் சிறுமிக்கு வயதும் ஏறவில்லை, பலூனில் காற்றும் இறங்கவில்லை.

டில்டேயின் வரைபடத்தில் அவர்கள் யாரும் இல்லை.

கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற சதுக்கத்தை வரைந்து, ஒரே ஒரு கிழவரை மட்டும் ஒட்டியிருந்தாள். தலையில் பழுப்புக் கம்பளித் தொப்பி. சதுக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல்லூரிச் சுவரைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தொப்பியைப் பார்த்ததுமே பிரேபனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது வடக்குச் சுவர். ஒரு பொட்டு வெயில் விழாது. இந்த ஊர்ல வெயில் இல்லாத இடத்துல எவன் உட்காருவான்? நாய்கூட எதிர்ப்பக்கம் போய்த்தான் படுக்கும்."

சிரிப்பு வந்தது. ஜனவரி மாதம். மற்ற எல்லா வரைபடங்களிலும் வெயில் கொட்டிக் கிடந்தது.

"சரி, வெயில்தான் வேண்டாம். எதிர்ல பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? செங்கல். அஞ்சு வருஷம் படிச்சு நீ கத்துக்கிட்டது இதுதானா?"

பார்சிலோனாவிலும் லியோனிலும் பிரேபனின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சதுக்கம் கட்டுகிறார்கள். தடிமனான புத்தகம்தான், ஆனால் சாரத்தைப் பிழிந்தால் ஒரு வரி தேறும்: மனிதன் உட்காருவது மனிதனைப் பார்க்க. அந்த ஒரு வரியை வைத்து அவர் ஐரோப்பா முழுக்க பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுவிட்டார். தன் சன்னலுக்குக் கீழே இருந்த பெஞ்ச் மட்டும் பாக்கி.

இன்று அவர் கைகாட்டுகிற வரைபடத்தைத்தான் வசந்தத்தில் நகராட்சி கட்டப்போகிறது. மற்ற மாணவர்கள் ஒருவர் விடாமல் அந்தப் பெஞ்சைப் பிடுங்கியிருந்தார்கள். டில்டே மட்டும் அதை இருந்த இடத்திலேயே விட்டிருந்தாள். போன முறையே தேறாதவள். இந்த முறையும் போனால் பட்டம் கிடையாது.

"இணையத்துல எடுத்த ஆள் இல்ல, பிரேபன்," என்றாள். "நான் எடுத்த போட்டோ. தினமும் அங்கேதான் உட்கார்றார். பனி கொட்டினாலும்."

"பனியில சுவரைப் பார்த்து உட்கார்றவனுக்கு என்ன பேர் தெரியுமா?" பிரேபன் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். "ஒரு கிறுக்கனுக்காக ஊர்ச் செலவுல பெஞ்ச் போடணுமாம்."

இந்த முறை சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. டில்டே அதுவரை காத்திருந்தாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பக்கத்துல போய் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். அவர் உங்க விதிப்படிதான் உட்கார்ந்திருக்கார். ஆளைப் பார்க்கத்தான். இந்தக் கட்டடத்துல மூணாவது மாடியில அவர் மகன் இருக்காராம்."

"மகன் எட்டிப் பார்ப்பானா?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். பழக்கதோஷத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

பிரேபன் ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்தார்.

"நீ சதுக்கம் வரைய வந்தியா, கதை அளக்க வந்தியா?"

சிவப்பு மையில் பெஞ்சின் மேல் ஒரு கோடு போட்டார். குறுக்கே இன்னொரு கோடு. இரண்டாவது கோடு தொப்பியையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போனது.

"பெஞ்சை எடு. அந்த ஆளையும் எடு. எடுத்துட்டு வா, தேர்ச்சி போடறேன்."

டில்டே அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பிரேபனின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"பெஞ்சை எடுத்தா நின்னுக்கிட்டுப் பார்ப்பார்," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வரைபடத்துக்குப் போகலாம் என்று பிரேபன் கையை ஆட்டினார்.

ஆர்ஹுஸ் நகரிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் குட்ரூன் அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தின் அருகே போனார். டில்டே சுவரை அப்படியே வரைந்திருந்தாள். செங்கல் நிறம் மாறும் இடம், மழைநீர்க் குழாய், யாரோ சன்னலில் வைத்திருந்த பூந்தொட்டி என்று ஒன்றையும் விடவில்லை.

குட்ரூனின் விரல் மூன்றாவது மாடியில் நின்றது.

"எல்லாச் சன்னல்லயும் திரை ஏத்தியிருக்கு. இது ஒண்ணுல மட்டும் இறக்கியிருக்கே," என்றார். "காலையில நாம காபி குடிச்ச அறைதானே இது? உங்க அறை?"

பிரேபன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"ஆமா," என்றார். "வெயில் அடிக்குது. கண் கூசும்."