முப்பத்தேழு டிகிரி

இறந்துபோன மகள் செய்துவைத்திருந்த ரேடியோ டிரான்ஸ்மிட்டரைப் பலூனில் கட்டி, அப்பாதான் பறக்கவிட்டார். நிமிடத்துக்கொரு முறை அதன் உயரமும் வெப்பமும் லேப்டாப்பில் வந்து விழுந்தன. இருபத்தெட்டு கிலோமீட்டர். அங்கே மைனஸ் ஐம்பது இருக்கவேண்டும். முப்பத்தேழு என்றது.

"ஏங்க, சென்சார் கெட்டுப்போச்சா?" என்றாள் அம்மா.

"சென்சாரே அதுல இல்ல. அவ பொருத்தாம விட்டிருந்தத நான் சால்டர் பண்ண மறந்துட்டேன். இதோ, இங்கதான் கிடக்கு."

மேசையில் அரிசியளவில் கிடந்தது.

பலூன் வெடித்தது. பெட்டி இறங்க இறங்க வெப்பமும் இறங்கியது. முப்பத்தைந்து. முப்பத்திரண்டு. முப்பது.

அம்மா திரையின் மேல் கையை வைத்தாள்.

"அன்னைக்கும் நான் அவ கையப் பிடிச்சிட்டிருக்கும்போதே இப்படித்தாங்க கொஞ்சம் கொஞ்சமா ஆறிச்சு."

பெட்டி விழுந்த இடம் வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது. கார் சாவியை இருவருமே எடுக்கவில்லை.