உயரம் போதாது

ரைன் ஆற்றங்கரைக் கேளிக்கைப் பூங்காவின் விடுதியில், அறைச் சன்னலைத் திறந்தாலே ரோலர் கோஸ்டரில் போகிறவர்களின் அலறல்தான். காலை ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தொடாமல் தள்ளி வைத்தேன்.

"ரோலர் கோஸ்டர் வாசல்ல இருக்கிற அளவுக் கம்பு உயரம் வளந்துட்டா சேர்ந்தே ஏறுவோம்" என்று மகள் மெர்லேவிடம் வாயை விட்டிருந்தேன். இந்த வருடம் வளர்ந்து தொலைத்திருந்தாள்.

வரிசை முன்னே நகர, என் உயிர் பின்னே நகர்ந்தது.

"ஏம்ப்பா கை இப்படி வேர்க்குது?"

"வெயிலு." தூறிக்கொண்டிருந்தது.

கம்பருகே நின்ற பெண் மெர்லேவை அளந்தாள். "ஒரு விரல் குறையுதே, செல்லம்!"

ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு மகளுடன் வெளியேறினேன்.

"வருத்தமா கண்ணு?"

"இல்லப்பா. மழைக்கோட்டுக்குள்ள முட்டிய மடக்கித்தான் நின்னேன்" என்றாள் ரகசியமாக. "நீ இன்னும் கொஞ்சம் பெரிசானதும் ஏறலாம்."